அஞ்சும் நாய்க்கு ஆராய்ந்து தேடும் இல்லம்

பொதினி எனச் சங்கச் சான்றோர் வழங்கிய பழனிமலைப் பகுதியை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அம்மயிலுக்குப் போர்வை பயன்படுமா என ஆராயாது வழங்கிய அவ்வருளைப் புலவர்கள் கொடைமடம் என்று போற்றினர். இன்று அம்மலைத் தொடரில், கொடைக்கானலின் தெருக்களிலிருந்து மீட்கப்பட்ட நாயொன்று மனிதரைக் கண்டு நடுங்குமாயின், அதற்குக் கொடைமடம் மட்டும் போதாது; ஆராய்ந்து தேடிய இல்லம் வேண்டும். அத்தகைய இல்லம் எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அச்சத்தின் வேர்

நாயின் அச்சம் நன்றிகெட்ட குணமன்று. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நாய்களின் நடத்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டனர். குட்டி பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையிலான காலமே அது பிற உயிர்களோடு பழகக் கற்கும் பருவம் என்பது அவர்தம் முடிபு. அப்பருவத்தில் மனிதரின் கனிவைக் காணாத குட்டி, வளர்ந்தபின் மனிதரைக் கண்டு ஒதுங்குகிறது. கல்லெறியும் அடியும் பட்ட நாயோ, உயர்த்திய கையையெல்லாம் அடிக்கும் கையாகவே கருதுகிறது. வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குதல், காதுகளைப் பின்மடித்தல், உதட்டை நக்குதல், முகம் திருப்பிக் கடைக்கண்ணால் நோக்குதல் ஆகியன அதன் மொழி. இம்மொழி அறியாது நெருங்குவோரையே அஞ்சிய நாய் கடிக்கிறது.

மலையின் இயல்பு

கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது. ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கூட்டமும் ஊர்திகளின் இரைச்சலும் நிறைகின்றன; மார்கழி, தை இரவுகளில் உறைபனி படர்கிறது. நாள்தோறும் புதுமுகங்கள் வந்து செல்லும் விடுதி அஞ்சும் நாய்க்கு ஏற்றதன்று. உரிமையாளர் ஆண்டிற்கு இருமுறை மட்டுமே வரும் மாளிகையும் ஏற்றதன்று. அங்கே அமைதி உண்டு, துணை இல்லை. பூம்பாறை, மன்னவனூர் போன்ற சிற்றூர்களின் தோட்ட வீடுகள் நல்லனவே. ஆயினும் சிறுத்தையும் காட்டெருமையும் உலவும் மலையில் நாயை இரவில் வெளியே கட்டிவைத்தல் தகாது. 2013இல் கொடைக்கானல் வனவுயிர்ப் புகலிடம் அமைக்கப்பட்டது. நாய்களின் தொற்றுநோய்கள் செந்நாய்களுக்கும் பரவக்கூடும் ஆதலால், தடுப்பூசி போடுவது காட்டிற்கும் நாம் செய்யும் கடமையாகும்.

இல்லத்தாரிடம் வினவ வேண்டியவை

1. பகற்பொழுதில் வீட்டில் ஒருவரேனும் இருப்பரா?
2. நாயைத் துரத்தி விளையாடும் சிறு குழந்தைகள் உளரா?
3. சுற்றுச்சுவரும் தாழிடும் கதவும் உளவா? அச்சமுற்ற நாய் முதல் வாரத்திலேயே ஓடிவிடக் கூடும்.
4. தீபாவளிப் பட்டாசு ஒலிக்கும் இரவில் அதனை எங்கே வைப்பர்?
5. மூன்று மாதம் வரை வாலாட்டாவிடினும் பொறுப்பரா?

இறுதி வினாவே முதன்மையானது. பதற்றம் சற்றே அடங்க மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு புரிய மூன்று வாரம், தன் வீடு என உணர மூன்று மாதம் என்பது நாய்களுடன் பழகியோர் கூறும் பொதுக்கணக்கு. மிகவும் அஞ்சிய நாய்க்கு இதனினும் நீண்ட காலம் ஆகலாம். அதுவரை ஒதுக்குப்புறமான மூலை ஒன்றை அதற்கு அளித்து, உற்று நோக்காது பக்கவாட்டில் அமர்ந்து, உணவைச் சற்றுத் தொலைவில் வைத்து, அது தானே வரும்வரை காத்திருத்தல் வேண்டும். தூக்குதலும் தழுவுதலும் அன்பேயாயினும், அதற்கு அவை அச்சமே.

இன்றைய தேவை

கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் தெருநாயை அதன் இடத்திலேயே விடுதல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விதிகளின் நெறி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் எனவும், தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவிற்கு வாராது காப்பது அவர்தம் பொறுப்பு எனவும் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, கல்விக்கூடங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்றவற்றில் பிடிக்கப்படும் நாய்களைக் காப்பகத்திற்கு அனுப்புமாறு பணித்தது. பல நாய்கள் குரைக்கும் காப்பகத்தில் அஞ்சும் நாய் மேலும் ஒடுங்கும். எனவே அதற்கு ஏற்ற இல்லம் தேடுதல், கல்லூரி வளாகங்களில் வாழ்வோராகிய நமக்கும் உரிய பணியாகிறது.

நாயை வீட்டினுள் வளர்க்கும் வழக்கம் நம்மில் பலர்க்கு இல்லை. ஆயினும் தாகத்தால் தவித்த நாய்க்கு நீர் புகட்டியவர் இறைவனின் மன்னிப்பைப் பெற்றார் என்பது நபிமொழி. வளர்க்க இயலாதோரும் நீர் வைக்கலாம். கல்லெறியும் சிறுவரைத் தடுக்கலாம். தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். பொறுமையுள்ள இல்லத்தாரைத் தேடித் தரலாம். விரைந்து கொடுத்து விரைவில் திரும்பி வரும் நாய், முன்னினும் மிகுதியாக மனிதரை அஞ்சும். ஆதலின் ஒரு மாதம் தாழ்ந்தாலும் தக்க இல்லம் கிடைக்கும்வரை காத்திருப்பதே அறமாகும்.