தொழிலாகிய விளையாட்டும் வன்னி இளைஞரும்



விளையாட்டை நம் முன்னோர் ஓய்வு நேரத்தின் துணையென்றே கொண்டனர். இன்றோ அது ஊதியந் தரும் தொழிலாகிவிட்டது. "ஜப்னா" என்னும் பெயர் தாங்கிய அணி வெற்றியீட்டியது என்ற செய்தியைக் கேட்டதும், பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்தில் மென்பந்து ஆடும் இளைஞன் அது தன் அணியென்றே மகிழ்கின்றான். அவ்வணி மெய்யாகவே அவனுடையதா? இவ்வினாவையே இன்று சிறிது ஆராய்வோம்.

லங்கா பிரீமியர் லீக் என்னும் துடுப்பாட்டப் போட்டி 2020ஆம் ஆண்டில் தொடங்கியது. இதில் ஆடும் அணிகள் ஊர்ப்பெயர் தாங்கியவையேயாயினும், ஊராருடைய கழகங்கள் அல்ல. பொருள் படைத்தோர் அணியின் உரிமையை விலைக்கு வாங்கி, உள்நாட்டு வெளிநாட்டு வீரர்களை ஒப்பந்தஞ் செய்து ஆடவைக்கின்றனர். உரிமையாளர் மாறினால் பெயரும் மாறும். 2020இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் என வழங்கிய அணி மறுவருடமே ஜப்னா கிங்ஸ் ஆயிற்று. யாழ்ப்பாணத்தின் பெயரால் 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணம் வெல்லப்பட்டது. ஆயினும் 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து தொடர்களில் ஒரு போட்டியேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை.

இதுபற்றி இருவகைக் கருத்து நிலவுகின்றது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வாணிகம் நடத்துகின்றனர் என்பார் ஒருசாரார். பெயரேனும் கிடைத்ததே, அதன்வழி ஒரு கதவு திறந்தது என்பார் மறுசாரார். இரண்டிலும் உண்மையுண்டு.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில், தமது பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு முதல்நாள், ஜப்னா அணிக்காகக் களமிறங்கினார். சுழற்பந்து வீசும் அவர் கைப்பற்றிய முதல் விக்கெட் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் உடையது. 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி இந்திய ரூபா 50 இலட்சத்துக்கு அவரை ஒப்பந்தஞ் செய்தது. பெயரளவிலான அணி இல்லையேல் இத்துணை விரைவில் அவர் உலகின் கண்ணிற் பட்டிருப்பாரா என்பது ஐயமே.

ஆனால் அவ்வாய்ப்பு வந்த வழியையும் நாம் நோக்கவேண்டும். வனிந்து ஹசரங்க காயமுற்று விலகியதாலேயே அவ்விடம் வெறுமையாயிற்று. ஒருவருடைய காயம் மற்றொருவருக்கு வாய்ப்பாகும் தொழில் இது. அணியிற் சேர்ந்தாலும் ஆட்டத்தில் இடம் உறுதியன்று. இந்தியத் தொடரில் ஆடும் பதினொருவருள் வெளிநாட்டார் நால்வருக்கு மேற்படலாகாது. ஆகவே கல்வியையோ கைத்தொழிலையோ கைவிட்டு, விளையாட்டொன்றையே நம்பியிருத்தல் விவேகமாகாது.

பணம் புகுமிடத்தில் சூதும் புகும். போட்டி முடிவை விலைபேசுதல் இலங்கையில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். பத்தாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. தொழில்முறை ஆட்டத்தை நாடும் இளைஞர் இதனை முதலில் அறிந்திருத்தல் நன்று.

துடுப்பாட்டம் மட்டுமே வழியென்றும் எண்ணவேண்டாம். யாழ்ப்பாணத்து மகளான தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணிக்குத் தலைமை தாங்கினார். அவுஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடினார். இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் அணியில் இருந்தார்.

இனி ஜெயபுரத்து இளைஞனிடம் திரும்புவோம். அவன் கையிலுள்ளது மென்பந்து. தொழில்முறை ஆட்டத்துக்குரியதோ கடினப்பந்து. கடினப்பந்து புற்றரை ஆடுகளத்தில் எழும்புவதும் திரும்புவதும் வேறு. அதற்குக் காப்பணிகளும், செப்பனிட்ட ஆடுகளமும், பிழைகண்டு திருத்தும் பயிற்றுநரும் வேண்டும். இவை இளமையிலேயே கிடைக்காவிடின் இயற்கைத் திறமை வீணாகும். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரியை யாழ்ப்பாணத்துக்கு அண்மையாக்கியது. 2025 செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நகரில் எழும் பெரு மைதானம் நல்லதே. எனினும் கிராமப் பாடசாலையில் ஒரு பயிற்சி ஆடுகளமும், மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்புவதற்கு ஒரு பேருந்தும் இல்லாதவரை, அம்மைதானம் ஜெயபுரத்துக்குத் தொலைவிலேயே இருக்கும்.

ஊர்ப்பெயரைச் சூடி ஊதியம் ஈட்டும் அணிகள், தம் வருவாயில் ஒரு பங்கை அவ்வூர்ச் சிறுவரின் பயிற்சிக்குச் செலவிடவேண்டுமென நாம் கேட்பது யாசகமன்று. பெயருக்குரிய வாடகையே அது.