புதுமனைக்கு ஏற்ற பரிசு: கன்றும் விதையும்

தை பிறந்ததும் கிரகப்பிரவேச அழைப்புகள் வரத் தொடங்கும். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மூன்று வீடுகளுக்கு மொய் செய்ய வேண்டிய நிலை சிறு விவசாயிக்கு உண்டு. வீட்டுக்காரர் செடி கொடி வளர்ப்பதில் ஆர்வமுள்ளவராக இருந்தால், எவர்சில்வர் பாத்திரத்தைவிட நல்ல கன்று ஒன்றோ, ஒரு பிடி விதையோ அவரை மகிழ்விக்கும்; செலவும் குறைவு. ஆனால் புதுமனையில் வைத்த கன்று பட்டுப்போனால் வீட்டாரின் மனம் சங்கடப்படும். எனவே தேர்வில் கவனம் தேவை.

கோடையைத் தாங்குமா?

தை மாதப் பனியும் இளவெயிலும் கன்றுக்கு இதமானவை. நாற்றங்கால் நிழலில் வளர்ந்த கன்று அப்போது செழிப்பாகவே தோன்றும். அதற்குச் சோதனை பங்குனி, சித்திரையில்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டதால், ஊற்றும் தண்ணீரை நம்பியே அது வேர்பிடிக்க வேண்டும். ஆகவே வீட்டில் தண்ணீர் வசதி எப்படி, கொல்லையில் இடம் எவ்வளவு என்பதை முன்பே கேட்டறிவது நல்லது.

எந்த வீட்டுக்கு எது?

குறுகிய கொல்லைக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை, பதியன் கொய்யா ஆகியவை ஏற்றவை. குளியல் நீர் ஓடும் இடம் இருந்தால் வாழை. தென்னைக்கும் மாவுக்கும் விசாலமான இடம் வேண்டும். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விடுவது வழக்கம். சுவரோரம் அதை வைக்கக் கூடாது.

மா ஒட்டுக்கன்று வாங்கினால், ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் அடிச்செடி ஓங்கி, ஒட்டு நலிந்துவிடும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு கிடக்கும் பழைய கன்றைத் தவிர்க்கவும்.

நோயைக் கொடுக்கலாகாது

சொந்தத் தோட்டத்து வாழைக்கன்றைக் கொடுப்பவர் தாய் மரத்தை முதலில் பார்க்க வேண்டும். இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கியிருந்தால் அது முடிக்கொத்து நோய். கன்று மூலமாகவும் அசுவினி மூலமாகவும் பரவும் இந்த நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு அழித்தது இதுவே. அத்தகைய தோட்டத்திலிருந்து கன்று கொடுப்பது, வீட்டாருக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் நஷ்டத்தைக் கொடுப்பதாகும். நோயற்ற மரத்தின் ஈட்டி இலைக் கன்றையே தேர்ந்தெடுத்து, வேர்களை நீக்கி, கிழங்கில் கூன்வண்டு துளைத்த அடையாளம் இல்லை என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

விதையும் பரிசுதான்

பீர்க்கு, புடல், பாகல், சுரை ஆகியவற்றுக்குத் தைப்பட்டம் உகந்தது. கொடியிலேயே முற்றிய காயின் விதையை நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, ரகத்தின் பெயரும் எடுத்த மாதமும் எழுதிக் கொடுக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போலக் காய்க்காது. அதைக் கொடுக்க வேண்டாம்.

கன்றுடன் ஒரு மண்பானை

மரக்கன்று கொடுப்பவர் சாயம் பூசாத மண்பானை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், கோடையில் அது கைகொடுக்கும். பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். மேலே ஊற்றும் நீரைப்போல வெயிலில் ஆவியாகி வீணாவதில்லை. சாயம் பூசினால் துளைகள் அடைபட்டுப் பயன் கெடும்.

விழா நாளின் சந்தடியில் கன்றை உடனே நட வேண்டியதில்லை. சில நாட்கள் நிழலில் வைத்து, நாளுக்கு நாள் வெயிலுக்குப் பழக்கி, ஒரு மாலை வேளையில் பையைக் கிழித்து, மண் உதிராமல் நடச் சொல்லலாம். காற்றில் ஆடாதபடி குச்சி ஒன்று நட்டுக் கட்டி, அடியில் சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும்.