வாகன மின்னுருகி

மின்னுருகி (பியூஸ்) என்பது மின்னோட்டம் அளவு மீறும்போது தானே உருகிச் சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய உலோகப் பட்டையாகும். இது முதன்மையாகக் காப்பது விளக்கையோ ஹாரனையோ அன்று. அவற்றுக்குச் செல்லும் கம்பியை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கு மழையில் வைப்பர் மட்டும் நின்று, ஹாரனும் விளக்கும் இயங்கினால், வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்துவிட்டு, முதலில் வைப்பருக்குரிய உருகியைப் பார்க்க வேண்டும். நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர்.

நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் வைப்பர் ஓடக்கூடும். ஆனால் கோளாறு நீங்காத சுற்றில், உருகிக்கு முன்பே கம்பி சூடேறித் தீப்பற்றலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது இன்னும் மோசம். அதே அளவுள்ள புதிய உருகியும் உடனே போனால், குறை வேறிடத்தில் உள்ளது. வாகன எலக்ட்ரீசியனிடம் காட்ட வேண்டும்.