வெளிநாட்டு வங்கியில் சேமிப்புக் கணக்கு இருக்கா? ஐடிஆரில் காட்டிட்டீங்களா?

இந்தியாவில் இருந்துகொண்டே சிங்கப்பூரிலோ துபாயிலோ சேமிப்புக் கணக்கு வைத்திருக்கலாமா? தாராளமாக. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அங்கே வசிக்காதவருக்கு அந்த நாட்டு வங்கி கணக்கு கொடுக்குமா என்பது தனிக்கதை.

சிக்கல் வரி தாக்கலில்தான். ஒரு பைசா வட்டி வராவிட்டாலும் ஐடிஆரின் ‘எஃப்ஏ’ அட்டவணையில் கணக்கைக் காட்டியே ஆகணும். அதனால் எளிமையான ஐடிஆர்-1 படிவம் இவர்களுக்கு உதவாது. மறைத்தால், 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. அதுக்காக காட்டாம விட்டுடலாம்னு அர்த்தமில்லை.

வெளிநாட்டு வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அங்கே மூடாமல் விட்டுவந்த பழைய சம்பளக் கணக்கும், வரிச் சட்டப்படி அவர்கள் இங்கு முழுமையான குடியிருப்பாளர் ஆகும் ஆண்டிலிருந்து, இந்த அட்டவணையில் வந்துவிடும்.