அத்தைக்கு வந்த நம்பர் யாருடையது?

2009-10 வாக்கில் என் அத்தை பையன் ஷார்ஜாவில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் கிருஷ்ணகிரியில் இருக்கும் அத்தைக்கு போன் வரும். ஆனால் திரையில் அவன் நம்பர் ஒருநாளும் வராது, வாராவாரம் ஏதோ ஒரு இந்திய செல் நம்பர்தான் வரும். மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, அவன் கடைசியாகப் பேசிய நம்பரை அத்தை திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப். அவனுடைய உண்மையான நம்பர் டைரியில் இருந்தது, ஆனால் அத்தை போனில் ஐ.எஸ்.டி. கிடையாது. அவனுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம்.

மாமா பிழைத்துவிட்டார். அப்புறம் அத்தை என்னிடம் கேட்டார்: "பெத்தவகிட்ட ஏம்ப்பா நம்பரை மறைச்சுப் பேசறான்?"

அவன் மறைக்கவே இல்லை. அதை அத்தைக்குப் புரியவைக்கத்தான் முதன்முதலாக இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

நம்பரை மறைப்பது வேறு, மாற்றுவது வேறு. மறைக்கும்போதும் உங்கள் நம்பர் அழைப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. "இதைக் காட்டாதே" என்று பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். எதிர்முனை எக்ஸ்சேஞ்ச் வரை நம்பர் போய், கடைசிப் படியில்தான் மறைக்கப்படுகிறது. இன்டர்நெட் போனிலும் 2002-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3323, 3325 இரண்டும் கிட்டத்தட்ட இதையே செய்கின்றன. அனுப்புநர் வரியில் 'அனானிமஸ்' என்று இருக்கும். உண்மையான அடையாளம் இன்னொரு வரியில், ஒன்றையொன்று நம்பும் நிறுவனங்களுக்கு இடையே மட்டும் போகும். ஆக, இது மறைப்பு என்பதைவிட ஒரு வேண்டுகோள்னு சொல்லலாம்.

மாற்றுவது அப்படி இல்லை. இன்டர்நெட் போனில் அனுப்புநர் வரியை எழுதுவதே கூப்பிடுகிறவரின் கருவிதான். ஓசூரில் என் வீட்டுக்குள் ஆஸ்டெரிஸ்க் போட்டு இரண்டு போனை இணைத்திருக்கிறேன். ஒருநாள் சமையலறை போனில் 100 என்று காட்டும்படி கூப்பிட்டு "இட்லி வெந்துடுச்சா?" என்றேன். (வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) வெளியுலகில், இந்த நம்பர் இவருடையதுதானா என்று முதலில் அழைப்பை வாங்கும் நிறுவனம் பார்க்கவேண்டும். உலகத்தில் எங்கோ ஒருவர் பார்க்காமல் விட்டால் போதும், அடுத்தடுத்து வருகிறவர்கள் நம்பிக் கடத்திவிடுகிறார்கள்.

ஷார்ஜாவில் நடந்தது இது இரண்டும் இல்லை. அவன் வாங்கியது மலிவு விலை நிமிடங்கள். அப்படிப்பட்ட அழைப்பு இன்டர்நெட் வழியாக இந்தியாவில் ஏதோ ஒரு அறைக்கு வரும். அங்கே வரிசையாக சிம் செருகிய பெட்டி ஒன்று, சிம் பாக்ஸ், அதை உள்ளூர் அழைப்பாகத் திரும்ப டயல் செய்யும். அத்தை பார்த்தது அந்த சிம்மின் அசல் நம்பரை! எதற்கு இந்த வேலை? 2009-ல் டிராய் நிர்ணயித்தபடி, அழைப்பை வாங்கும் நிறுவனத்துக்கு உள்நாட்டு அழைப்புக்கு நிமிடத்துக்கு 20 பைசா, வெளிநாட்டு அழைப்புக்கு 40 பைசா. அந்த வித்தியாசத்தோடு சர்வதேச கேட்வே செலவும் மிச்சம்.

வெளியிலிருந்து வரும் போலி +91 நம்பர்களைத் தடுக்க, தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபர் 22-ல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. நம்ம ஜூஜூவாடி செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி பக்கமிருந்து டி.என். 70 வண்டி ஒன்று உள்ளே வருகிறது. அந்த வண்டி ஓசூரை விட்டு வெளியே போயிருந்தால்தானே திரும்பி வரமுடியும்? அதேபோல வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரோடு அழைப்பு வந்தால், அந்த நம்பர் நிஜமாகவே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அழைப்பு அங்கேயே நிற்கும். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. இந்திய நம்பரோடு வெளியிலிருந்து வந்தவற்றில் அது 90 சதவீதம் என்கிறது துறை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆனால் சிம் பாக்ஸ் அழைப்பு இந்த செக்போஸ்ட்டுக்கு வராது. அது சாதாரண இன்டர்நெட் டேட்டாவாக உள்ளே நுழைந்து, உள்ளூர் நம்பரைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அடையாளத்தைத் திரிப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பெட்டியைக் கண்டுபிடித்தால்தானே!

வீட்டில் இருக்கிறவர்களுக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. திரையில் எந்த நம்பரையும் காட்டலாம். ஆனால் நாம் ஒரு நம்பரைக் கூப்பிட்டால், அழைப்பு அந்த நம்பரின் சொந்தக்காரருக்குத்தான் போகும். போலி நம்பரைத் திரும்பக் கூப்பிட்டால் ஒன்றுமறியாத யாரோ எடுப்பார். சிம் பாக்ஸ் நம்பரைக் கூப்பிட்டால், அத்தைக்கு நடந்தது மாதிரி, பெரும்பாலும் யாரும் எடுக்கமாட்டார்கள். அதனால் போலீஸ், கூரியர், பேங்க், ஏன் பெற்ற பிள்ளை என்று சொன்னாலும், பணம் பற்றிப் பேச்சு வந்தால் கட் பண்ணிவிட்டு, டைரியில் இருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிடவேண்டும்.

அத்தை போனில் அடுத்த மாசமே ஐ.எஸ்.டி. போட்டுக்கொடுத்தோம். பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். அவன் நம்பரை இன்னமும் டைரியைப் பார்த்துத்தான் அழுத்துகிறார்.