மழைக்காலத்தில் கதவை இழைக்கலாமா?

உங்கள் வீட்டில் பழைய தேக்கு அலமாரி இருக்கிறதா? கோடையில் எளிதாகத் திறந்த அதன் கதவு, ஐப்பசி மழையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என் பாட்டனார் விட்டுச்சென்ற அலமாரியிலும் இப்படித்தான் நேர்ந்தது. ஒரே பலகையாலான கதவு அது. அடைமழை நாளில் ஆசாரியை வரவழைத்து, விளிம்பை இழைக்கச் சொன்னேன். கதவு நன்றாக மூடியது. சித்திரை வந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே அடிக்கோலை நுழைக்கலாம். பூட்டின் நாக்கு எட்டவில்லை! இயற்பியல் கற்பிக்கும் நான் செய்த தவறு என்ன?

வெட்டி நூறாண்டு ஆனாலும் மரம் காற்றிலுள்ள நீராவியை ஏற்கும்; வறண்ட காற்றில் அதை இழக்கும். அதன் செல் சுவர்களிலுள்ள செல்லுலோஸ் முதலிய பொருள்கள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. சுவர் தடிக்கிறது, பலகை அகலத்தில் விரிகிறது. நீளத்தில் ஏற்படும் மாற்றமோ மிகச் சொற்பம்.

எவ்வளவு விரியும்? கணக்கிட்டுப் பார்ப்போம். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்கும். மரத்தின் ஈர அளவு சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இச்சுருக்கம் நிகழ்கிறது. ஆகவே ஈர அளவில் 1 சதவீத மாற்றத்துக்கு அகலத்தில் 0.2 சதவீத மாற்றம். மழைக்கும் கோடைக்கும் இடையே ஈர அளவு 4 சதவீதம் மாறுகிறது என்று கொள்வோம். 30 செ.மீ. அகலப் பலகை 2.4 மி.மீ. சுருங்கும். நான் இழைத்தது மரத்தையல்ல, மழையை!

தச்சர்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். அதனால்தான் சட்டம் கோத்த கதவுகளில் நடுப்பலகையைக் காடியில் செருகுவார்கள், பசையிட்டு இறுக்கமாட்டார்கள். பலகை விரியவும் சுருங்கவும் அங்கே இடமிருக்கிறது.

ஆகவே, மழையில் கதவு இறுகினால் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். ஈரச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள். சன்னல் வெயில் ஒரு பக்கம் மட்டும் பட்டால், அப்பக்கம் விரைவில் உலர்ந்து பலகை வளையும். வார்னிஷ் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தையே குறைக்கிறது. எனவே பலகையின் வெளிப்புறத்தோடு உட்புறத்துக்கும் பூச வேண்டும்.

இன்றே உங்கள் வீட்டு மேசை இழுப்பறையின் இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை, ஓராண்டு அளந்து வாருங்கள். மரம் உங்களுக்குப் பருவங்களைச் சொல்லும்.