கோட்டைத் தாண்டி ஓடிய பையன்

திருச்சி தில்லை நகரில் குறுக்குத் தெருக்களுக்குப் பெயர் தேடி யாரும் சிரமப்படவில்லை, எண்களே பெயர்கள். புதிதாக வருகிறவர் ஏழாவது குறுக்குத் தெருவைத் தேடிக்கொண்டு எட்டாவதில் நிற்பது அங்கே நித்தியக் காட்சி. வைத்தியசாலைகளும் மருந்துக் கடைகளும் டியூஷன் வகுப்புகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தெருக்களில் ஒன்றில், சென்ற மாதம் ஒரு மாலை, "ஸார்! ஸார்!" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டுத் திரும்பினோம். நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபன் ஒருவன் ஓடி வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குப் பின்னால் மூச்சிரைக்க அவன் தகப்பனார் வந்து சேர்ந்தார். பையன் நம் பெயரையும், நாம் அவனுக்குப் பாடம் சொன்ன வகுப்பையும், அந்த வகுப்பில் அவன் உட்கார்ந்த பெஞ்சியையும் வரிசையாகச் சொன்னான். நமக்கோ ஒரு கணம் தலை குனிந்தது. அதற்குக் காரணம் உண்டு.

ஏறக்குறைய பதினைந்து வருஷங்களுக்கு முன்பு நாம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் நாலாம் வகுப்புப் படித்தான். படித்தான் என்பது மரியாதைக்காகச் சொல்வது, உட்கார்ந்திருந்தான். எழுத்துக்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் மைதானத்தில் இறக்கிவிட்டால் காற்றுதான். விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்தவன், முடிவுக் கோட்டில் நிற்காமல் பந்தலைச் சுற்றிக்கொண்டு, பிரமுகர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே போய் நின்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மறு வருஷம் பெயர்ப் பட்டியல் தயாரித்தது நாம்தான். அவன் பெயரை எழுதவில்லை.

விழா நாளன்று அவன் தாயார் காகிதப் பையில் புதுக் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி வைத்துக்கொண்டு வந்தார். "பேர் விட்டுப்போச்சுங்களா ஸார்?" என்று கேட்டார். "கூட்டம் ஜாஸ்தி அம்மா, குழந்தைக்கு அடிகிடி பட்டுவிடப் போகிறது" என்றோம். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். நாம் சொன்னது பொய் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பட்டியல் எழுதுகிற கை எவ்வளவு பெரிய காரியங்களைச் செய்துவிடுகிறது என்பதை, 2024-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிஸ் நகரத்துப் பாராலிம்பிக் பந்தயங்களைப் பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டோம். அன்றுதான் தெலுங்கானாவைச் சேர்ந்த ஜீவாஞ்சி தீப்தி என்ற பெண் நானூறு மீட்டர் ஓட்டத்தை 55.82 விநாடியில் முடித்து வெண்கலப் பதக்கம் வாங்கினாள். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் பாரத தேசத்துக்குப் பாராலிம்பிக்கில் பதக்கம் கொண்டு வந்தது அதுவே முதல் தடவை.

அவள் வாரங்கல் பக்கத்தில் கல்லெட என்னும் கிராமத்தில் 2003-ஆம் வருஷம் பிறந்தவள். தகப்பனார் யாதகிரி, தாயார் தனலட்சுமி. இருவரும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். கிரகணத்தன்று பிறந்த குழந்தை என்று ஊரார் பேசினார்கள். முகத்தைப் பார்த்துக் குரங்கு என்றார்கள், பைத்தியம் என்றார்கள். அநாதை ஆசிரமத்தில் கொடுத்துவிடச் சொல்லி யோசனையும் சொன்னார்கள். யோசனை சொல்வதற்கு நம் நாட்டில் என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. யாதகிரியின் தகப்பனார் காலமான பின் குடும்ப நிலத்தை விற்க வேண்டியதாயிற்று. நூறு, நூற்றைம்பது ரூபாய் நாட்கூலியில் வீடு நடந்தது. தெருப் பிள்ளைகள் கேலி செய்து அழுதுகொண்டு வரும் பெண்ணுக்குத் தித்திப்புச் சோறு பண்ணிக் கொடுத்துச் சமாதானம் செய்ததாகத் தாயார் பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். விற்ற நிலத்தையும் அநாதை ஆசிரம யோசனையையும் விட, அந்தத் தித்திப்புச் சோறுதான் நம் மனத்தில் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் முதலில் அவள் ஓட்டத்தைக் கவனித்தார். அவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பிறகு பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் பார்த்து ஹைதராபாத்துக்கு அனுப்பச் சொன்னார். பஸ் கட்டணத்துக்கே வழியில்லாத வீடு அது. பூப்பந்தாட்ட வீரர் புல்லேலா கோபிசந்தின் ஆதரவும் வந்து சேர்ந்தது. செக்கந்தராபாதில் உள்ள தேசிய நிலையத்தில் பரீட்சித்துப் பார்த்த பிறகே, இவள் எந்தப் பிரிவில் ஓடத் தகுந்தவள் என்பது தெரிந்தது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 55.07 விநாடி, அப்போது அது உலக சாதனை. ஹாங்சௌ வெற்றியினால் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு, குடும்பம் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்கினாள். பாரிஸுக்குப் பிறகு தெலுங்கானா அரசாங்கம் ஒரு கோடி ரூபாயும், வாரங்கலில் மனையும், உத்தியோகமும் அளிப்பதாக அறிவித்தது. அர்ஜுனா விருதும் கிடைத்தது. ஊர் இப்போது அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நாம் விசாரிக்கவில்லை, ஊகிக்க முடியும்.

இந்தப் பிரிவுக்கு ஒரு துக்கக் கதை உண்டு. 2000-ஆம் வருஷத்து ஸிட்னி பாராலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டத்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் தேசத்துக் குழுவில், பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் கிடையாது என்பது வெளிப்பட்டது. மற்ற ஊனங்களைக் கண்ணால் பார்க்கலாம். இதைப் பார்க்க முடியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள் புத்திசாலிகள். தண்டனை யாருக்கு? உலகம் முழுவதிலும் உண்மையாகவே குறைபாடு உள்ளவர்களுக்கு. 2004-லும் 2008-லும் அவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமே இல்லை. 2012-இல் லண்டனில்தான் கதவு மறுபடி திறந்தது. ஆட்டங்கள் அப்போது மூன்றே: தடகளம், நீச்சல், மேஜைப் பந்து. இடையில் போன பன்னிரண்டு வருஷங்களில் ஓட்டக்காரர் ஒருவருடைய இளமையே தீர்ந்துபோகும்.

பாராலிம்பிக் மிக வேகமானவர்களுக்கு. மற்றவர்களுக்கு? தில்லை நகர்ப் பையன் ஓடுவது வேறொரு ஸ்தாபனத்தின் போட்டிகளில். அதன் பெயர் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் சகோதரிகளில் ரோஸ்மேரி என்பவருக்கு இத்தகைய குறைபாடு இருந்தது. 1941-இல் மூளையில் செய்த ரண சிகிச்சை அவரை முன்னிலும் மோசமாக்கிவிட்டது. இன்னொரு சகோதரியான யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தம் வீட்டுப் புல்தரையிலேயே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். 1968 ஜூலை 20-ஆம் தேதி சிகாகோ நகரில் முதல் போட்டிகள் நடந்தன. பணமும் பதவியும் நிறைந்த அந்த வீட்டிலும் ஒரு குழந்தையை மறைத்து வைத்திருந்தார்கள் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு விசேஷ விதி. ஏறக்குறைய சமமான வேகம் உள்ளவர்களையே ஒன்றாக ஓட விடுகிறார்கள். முதலில் ஒரு தரம் ஓடவிட்டுக் கடிகாரத்தில் பார்த்துப் பிரித்து விடுகிறார்கள். மெதுவாக ஓடுகிறவனுக்கும் வெல்லத்தக்க பந்தயம் ஒன்று கிடைக்கிறது. முப்பத்தைந்து மார்க்குக்காரனையும் தொண்ணூற்றைந்து மார்க்குக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கூவி விரட்டும் தொழிலில் இருக்கும் நமக்கு, இந்த ஏற்பாடு சற்றுக் குத்தலாகவே பட்டது. 2019-இல் அபுதாபியில் நடந்த உலகப் போட்டிகளில் பாரத வீரர்கள் 368 பதக்கங்கள் வென்றார்கள். 2023 ஜூனில் பெர்லினில் 202. அவற்றில் தங்கம் 76. கிரிக்கெட்டில் ஒரு ஓட்டம் குறைந்தால் உறக்கம் கெடும் நம் வீடுகளில், இந்த எண்களை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

அன்று மாலை தகப்பனார் நம்மை வீட்டுக்கு அழைத்துப் போனார். பையன் இப்போது உறவினர் ஒருவருடைய அச்சகத்தில் காகிதம் அடுக்குகிறான். எண்ணிக்கையில் தவறு வருவதில்லையாம். சுவரில் நாடாவோடு ஐந்தாறு பதக்கங்கள். தாயார் காப்பி கொண்டுவந்து வைத்தார். நம்மை அடையாளம் தெரிந்துகொண்டார். பழைய விஷயத்தை எடுக்கவில்லை. நாமே எடுத்தோம். "அந்தச் சப்பாத்து அவனுக்கு ரெண்டு வருஷம் ஓடிச்சு ஸார், வீட்டு மாடியிலேயே போட்டுக்கிட்டு ஓடுவான்" என்றார். அவ்வளவுதான்.

வெற்றி தோல்வியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய கவலை வேறு. "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்குவாங்க?" என்று கேட்டார். இப்படிப்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் இரவு விளக்கணைந்த பிறகு பேசப்படும் பேச்சு இதுதான். பதினெட்டு வயது நிரம்பிய பிறகு பெற்றோர் கூடச் சட்டப்படி தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை என்பது அநேகருக்குத் தெரியாது. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம். இவர்கள் மனுச் செய்திருக்கிறார்கள். தங்களுக்குப் பிறகு யார் என்ற இடத்தில், கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மூத்த பெண்ணின் பெயர். அந்தப் பெண் தானே முன்வந்து சொன்னாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் தாயாரின் குரல் கம்மியது. மாப்பிள்ளை இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதைத் தகப்பனார் வாசலில் வந்து நம்மிடம் தனியாகச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை மைதானத்துக்குப் போனோம். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. தகப்பனார் தம் கையிலிருந்த நிறுத்து கடிகாரத்தை நம்மிடம் கொடுத்தார். பையன் குனிந்தான், புறப்பட்டான். கோட்டைக் கடந்தான், நிற்கவில்லை, இருபதடிக்கு அப்பால் போய்த்தான் வேகம் தணிந்தது.

"இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லையே!" என்றோம்.

தகப்பனார் சிரித்தார். "கோட்டிலே நிக்கணும்னு நெனச்சா முன்னாடியே கால் தளர்ந்துடுமாம் ஸார். தாண்டி ஓடுன்னுதான் கோச்சு எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். இவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலை."

பையன் திரும்பி வந்து எத்தனை விநாடி என்று கேட்டான். கடிகாரத்தை அமுக்க நாம் மறந்துபோயிருந்தோம். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் ஓடுவதற்காகப் புறப்படும் இடத்துக்கு நடந்தான்.